குழலின் தேய்மானத்தை எழுதி வைத்த நாடு

பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு ஸ்லிப் கேஜ் நினைவிருக்கும். பெட்டிக்குள் வரிசையாக அடுக்கிய, கண்ணாடி போலப் பளபளக்கும் எஃகுத் துண்டுகள். இரண்டைச் சேர்த்து அழுத்தித் திருப்பினால் பசை இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். வேண்டிய அளவுக்குத் துண்டுகளைச் சேர்த்து, அதை வைத்து மைக்ரோமீட்டரைச் சரிபார்ப்போம். அந்தப் பெட்டி ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையில் பிறந்தது என்று பாடம் நடத்தியவர்கள் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

அந்தத் தொழிற்சாலை சுவீடனில் எஸ்கில்ஸ்தூனா என்ற ஊரில் இருந்தது. கத்தி, பூட்டு, எஃகு வேலைக்குப் பெயர்போன ஊர். தொழிற்சாலையின் முழுப் பெயர் கார்ல் குஸ்தாஃப்ஸ் ஸ்டாட்ஸ் யெவேர்ஸ்ஃபாக்டோரி. பெயரின் முதல் பாதி இந்திய ராணுவத்தில் இருந்தவர்களுக்குப் பழக்கம்தான். தோளில் வைத்துச் சுடும் 84 மில்லிமீட்டர் கார்ல் குஸ்தாஃபை நம் ராணுவம் 1976 முதல் பயன்படுத்துகிறது. அந்த ஆயுதத்துக்குப் பெயர் வந்தது இந்தத் தொழிற்சாலையிலிருந்துதான்.

அங்கே ஆய்வாளராக வேலை பார்த்தவர் கார்ல் எட்வர்ட் யோஹான்சன். 1894-இல் சுவீடன் ஜெர்மனியின் மவுசர் துப்பாக்கியைத் தன் தேவைக்கேற்ப மாற்றி ஏற்றுக்கொண்டது. பின்னால் அதை உள்நாட்டிலேயே செய்வது திட்டம். மவுசர்காரர்கள் எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்துவர, யோஹான்சன் ஓபர்ன்டார்ஃபில் இருந்த அவர்களுடைய தொழிற்சாலைக்குப் போனார். ஒவ்வொரு பாகத்தின் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி கேஜ், அதுவும் ஆயிரக்கணக்கில். அவருக்கு அது பெரிய ஏமாற்றம். ஊர் திரும்பும் ரயிலில் அவர் யோசித்தது இதுதான்: ஒரு அளவுக்கு ஒரு கேஜ் என்று ஏன் செய்ய வேண்டும்? சரியாகத் தேர்ந்தெடுத்த சில துண்டுகளைச் சேர்த்தே எந்த அளவையும் உண்டாக்கிவிடலாமே! 1896-இல் அந்த யோசனை உருப்பெற்றது. 102 துண்டுகள், அவற்றிலிருந்து 20,000 அளவுகள். துண்டுகளை மெருகேற்ற, வீட்டில் மனைவியின் தையல் இயந்திரத்தை அரைக்கும் இயந்திரமாக மாற்றிக்கொண்டார். 1901-இல் காப்புரிமை கிடைத்தது. பின்னாளில் அமெரிக்கா போய் ஃபோர்டு கம்பெனியில் வேலை செய்தார்.

நான் மினசோட்டாவில் ஒரு இயந்திரப் பட்டறையில் தரப் பரிசோதகராக இருக்கிறேன். தினமும் அந்தத் துண்டுகளைத் தொடுகிறவன். பழைய சுவீடிஷ் ராணுவத் துப்பாக்கிகள் பக்கம் நான் போனது வேட்டை ஆசையால் அல்ல, போர்க்கதைகளாலும் அல்ல. எந்தப் பொருளை அளப்பதற்காக ஸ்லிப் கேஜ் பிறந்ததோ அதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பார்த்தேன். அப்புறம் விட முடியவில்லை.

சேகரிப்பவர்கள் கையில் இன்று இருப்பவற்றில் முக்கியமானவை மூன்று. எம்/94 என்பது கார்பைன். குதிரைப்படைக்கும் பீரங்கிப்படைக்கும் செய்த குட்டைத் துப்பாக்கி. 1896-இல் வந்த எம்/96 காலாட்படையுடையது. 739 மில்லிமீட்டர் குழல், முழு நீளம் 1.26 மீட்டர், எடை ஏறத்தாழ 4 கிலோ. எம்/38 அதே எம்/96-இன் சுருங்கிய வடிவம். 1938-இல் பழைய எம்/96-களின் குழலைக் குறைத்துச் செய்தார்கள். 1942 முதல் 1944 வரை ஹூஸ்க்வார்னா புதிதாகவே செய்தது. ஆம், ஒரு காலத்தில் பைக் செய்த, இன்றும் மரம் அறுக்கும் இயந்திரம் செய்யும் அதே ஹூஸ்க்வார்னா. 1689-இல் துப்பாக்கிக் குழல் செய்யத்தான் அந்தக் கம்பெனி தொடங்கியது.

எம்/94-இன் முதல் தொகுதி ஜெர்மனியில் செய்தது. எம்/96-இல் 40,000 துப்பாக்கிகளை 1899, 1900 ஆண்டுகளில் ஓபர்ன்டார்ஃபிலேயே செய்து வாங்கினார்கள். மீதியில் பெரும்பகுதி எஸ்கில்ஸ்தூனாவில் செய்தது. எம்/96 மட்டும் எல்லாம் சேர்த்து 5 லட்சத்துக்கும் மேல். ஜெர்மனியில் செய்தாலும் எஃகு சுவீடனுடையதாக இருக்க வேண்டும் என்று சுவீடன் நிபந்தனை போட்டது. ஆயுதம் வாங்கும் நாடு விற்பவனுக்கு இரும்பு அனுப்பி வாங்கியிருக்கிறது.

மூன்றுக்கும் தோட்டா ஒன்றுதான்: 6.5×55, அதாவது 6.5 மில்லிமீட்டர் குண்டு, 55 மில்லிமீட்டர் நீள உறை. 1891-இல் சுவீடனும் நார்வேயும் ஒரே அரசரின் கீழ் இருந்தபோது இரண்டு நாடுகளின் அதிகாரிகளும் உட்கார்ந்து வகுத்தது. துப்பாக்கி விஷயத்தில் மட்டும் பிரிந்துவிட்டார்கள். நார்வே கிராக்–யோர்கன்சனை எடுத்தது, சுவீடன் மவுசரை. 1905-இல் ஒன்றியமே கலைந்தது, தோட்டா மட்டும் இருவருக்கும் பொதுவாகவே நின்றது. மெல்லிய நீளமான குண்டு, குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் பள்ளங்களில் 200 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று என்ற இறுக்கமான புரி. தோளில் உதைப்பது குறைவு, தூரத்தில் வேகம் இழப்பதும் குறைவு. சுவீடனில் இன்றும் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்கு இதைத்தான் நிறையப் பேர் எடுத்துப்போகிறார்கள். அதனால் நூறாண்டு தாண்டிய துப்பாக்கிக்கும் இன்று கடையில் புதுத் தோட்டா கிடைக்கிறது. நார்வே எல்லைக்குப் பக்கத்தில் ஓமோட்ஃபோர்ஸ் ஊரில் 1902-இல் தொடங்கிய நோர்மா கம்பெனி இன்னும் அதைச் செய்கிறது. பழைய ராணுவத் துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது, பிரெஞ்சு அல்லது ஜப்பானியத் துப்பாக்கி வாங்கிவிட்டுத் தோட்டாவுக்கு அலைகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

சரி, ஒரு எம்/96-ஐ மேசை மேல் வைப்போம். முதலில் கண்ணில் படுவது, குழலைத் தாங்கும் உலோக உடலான ரிசீவரின் வளையத்தின் மேல் பொறித்த கிரீடம், கீழே தொழிற்சாலைப் பெயர், அதற்குக் கீழே ஆண்டு. துப்பாக்கி செய்த ஆண்டை இவ்வளவு வெளிப்படையாக நெற்றியில் எழுதி வைப்பது வாங்குகிறவருக்குப் பெரிய உதவி. ரிசீவர் நீலக் கருமை. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பின்னால் மூடும் போல்ட் மட்டும் மெருகிட்ட வெள்ளை எஃகு. போல்ட்டைத் திறந்தால் அதன் உடலில் நீளவாக்கில் ஒரு விலா ஓடும். உள்ளே நகரும்போது ஆடாமல் பிடித்துக்கொள்ளும். ரிசீவரின் இடப்பக்கச் சுவரில் பெருவிரல் அளவுக்கு ஒரு வெட்டு. ஐந்து தோட்டாக்களைக் கிளிப்பிலிருந்து ஒரே அழுத்தில் மேகசினுக்குள் தள்ளும்போது விரல் போக வேண்டிய இடம் அது. போல்ட்டை முன்னால் தள்ளும் கடைசி அங்குலத்தில் ஒரு எதிர்ப்பு தெரியும். மூடும்போதுதான் அடிவிசை ஏறுகிறது. பிந்தைய மவுசர்களில் திறக்கும்போதே ஏறிவிடும். பழகியவர்களுக்கு மூடும்போது ஏறும் விதமும் வேகமாகவே இருக்கும். எனக்கு அந்தக் கடைசி அங்குலம் பிடிக்கும், இயந்திரம் என்ன செய்கிறது என்று உள்ளங்கையில் தெரிகிறது.

இனி எண்கள். ரிசீவரில் முழு வரிசை எண். மற்ற பாகங்களில் அதன் கடைசி இலக்கங்கள். போல்ட், போல்ட்டின் பின்மூடி, பாதுகாப்புத் தாழ், மேகசின் அடித்தகடு, விசைக் காப்பு, பட்டைகள், பின்தகடு, குழலுக்கு அடியில் செருகியிருக்கும் துடைகம்பி என்று கழற்றக் கழற்ற எண் வந்துகொண்டே இருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் விலை ஒன்று. போல்ட் மாறியிருந்தால் விலை வேறு. ராணுவக் கிடங்கிலேயே பழுதுபார்க்கும்போது சின்னப் பாகங்களை மாற்றியது உண்டு, அது அந்தத் துப்பாக்கியின் பணிக்காலத்தைச் சேர்ந்தது. ஒரு பட்டை எண் ஒத்துவரவில்லை என்று நல்ல துப்பாக்கியை விட்டுவிட்டு வரக் கூடாது. போல்ட் எண் மாறியிருந்தால் மட்டும் கவனம். அப்போது ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, சரியாக இருக்கிறதா என்று துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித் ஒருவரிடம் கேஜ் போட்டுப் பார்க்காமல் சுடவே கூடாது.

நான் முக்கியமாகப் பேச வந்தது பின்கட்டையைப் பற்றி. மர ஸ்டாக்கின் வலப்பக்கம், தோளில் வைக்கும் பகுதியில், ஒற்றைத் திருகால் பிடித்த வட்டப் பித்தளைத் தகடு ஒன்று இருக்கும். எல்லாவற்றிலும் இருக்காது, இருந்தால் அதை நின்று படியுங்கள். தகடு மூன்று பிரிவாகப் பிரிந்திருக்கும். பெரிய பிரிவு குழலின் உள்விட்டத்தைச் சொல்கிறது. 6.5 மில்லிமீட்டரை ஒட்டிய எண்கள், நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை. இந்தத் துப்பாக்கிக்குரிய எண்ணின் மேல் சின்ன முக்கோணம் குத்தியிருக்கும். எண் ஏற ஏறக் குழல் தேய்ந்திருக்கிறது என்று பொருள். இன்னொரு பிரிவில் 1, 2, 3. அது குழலின் உட்புற நிலை. 1 நல்லது. 3 என்றால் துருவின் தடம் இருக்கிறது, ஆனாலும் பணிக்கு ஏற்றது. மூன்றாவது பிரிவில் ‘டோர்பெட்’ என்று இருக்கும். அது 1941-இல் வந்த கூர்முனைத் தோட்டாவைப் பற்றியது.

அந்த மூன்றாவது பிரிவுக்கு ஒரு காரணம் உண்டு. பழைய தோட்டாவில் முனை உருண்ட, 10 கிராம் சொச்சம் எடையுள்ள குண்டு. புதியதில் 9 கிராம் கூர்முனைக் குண்டு, வேகம் கூடுதல். பார்வைக்குறியின் அளவுக்கோடுகள் எல்லாம் பழைய குண்டுக்கென வெட்டியவை. புதுக்குண்டு எங்கே போய் விழும்? ஒவ்வொரு துப்பாக்கியும் கொஞ்சம் கொஞ்சம் வேறு மாதிரி சுடும். அதனால் ஒவ்வொன்றிலும் அந்த வேறுபாட்டைப் பார்த்து, குறியை எவ்வளவு தாழ்த்திப் பிடிக்க வேண்டும் என்று அந்தந்தத் துப்பாக்கியின் தகட்டிலேயே குறித்தார்கள். எந்த ஊர்ப் பையன் அதைக் கையில் எடுத்தாலும் தன் துப்பாக்கி எப்படிச் சுடும் என்று அவன் கன்னத்துக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

மற்ற நாட்டு ராணுவத் துப்பாக்கிகளிலும் முத்திரைகள் உண்டு. நம் ஊர்க் காவல் நிலையங்களில் நெடுங்காலம் இருந்த த்ரீ நாட் த்ரீயிலும் இஷாபூர் தொழிற்சாலை முத்திரை, ஆண்டு எல்லாம் உண்டு. ஆனால் குழல் எவ்வளவு தேய்ந்தது என்று மருத்துவமனைக் கட்டிலில் தொங்கும் அட்டை போல ஒவ்வொரு ஆயுதத்திலும் தொங்கவிட்ட ராணுவம் வேறு எதையும் நான் பார்த்ததில்லை. பட்டறையில் நாங்கள் ஒரு பாகத்தை அளந்தால் அந்த எண்ணை ஏட்டில் எழுதுவோம், பாகம் வெளியே போய்விடும், ஏடு அலமாரியில் கிடக்கும். இங்கே ஏடும் பாகமும் ஒன்றாகவே போயிருக்கின்றன. யோஹான்சன் வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து வந்த பொருளுக்கு இந்தப் பழக்கம் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கை. தகடு ஒற்றைத் திருகில் நிற்கிறது. எவரும் கழற்றி வேறு ஒன்றை மாட்டலாம். ஒரு துப்பாக்கிச் சந்தையில் எம்/96 ஒன்றைப் பார்த்தேன். தகட்டில் உள்விட்டம் அருமை, குழல் நிலை 1. விற்பவர் வேறு எதையும் பேசவில்லை, திரும்பத் திரும்ப அந்தத் தகட்டையே காட்டிக்கொண்டிருந்தார். திருகின் வெட்டு சிதைந்து பளபளத்தது. சுற்றியிருந்த மரத்தில் பழைய தகடு விட்டுச்சென்ற வட்டமும் புதிய தகடும் ஒத்துப்போகவில்லை. போல்ட்டைக் கழற்றி விளக்கு விட்டுப் பார்த்தால் புரிகளின் ஓரம் மழுங்கி, வாய்ப்பக்கம் கருத்துக் கிடந்தது. தகடு எழுதியது எண்பது ஆண்டுக்கு முன்னால். அதற்குப் பிறகு யார் சுட்டார்கள், சுட்டபின் துடைத்தார்களா என்பது குழலுக்குத்தான் தெரியும். அதனால் சிறு விளக்கு ஒன்றும் போல்ட்டைக் கழற்ற அனுமதியும் இல்லாமல் துப்பாக்கி வாங்காதீர்கள். அனுமதி தர மறுப்பவரிடம் பேரம் பேசுவதில் பொருளே இல்லை.

குழலின் வாயைத் தனியாகப் பாருங்கள். சுட்டுத் தேய்ந்ததை விட, துடைகம்பியை வாய்ப்பக்கமாக விட்டு இழுத்து இழுத்துத் தேய்த்தது அதிகம். ராணுவத்தில் பயிற்சிக்கு வந்த பையன்கள் நாள்தோறும் துடைத்திருக்கிறார்கள். வாயில் திருகுமரை வெட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். சுவீடிஷ் பயிற்சித் தோட்டாக்களில் மரக்குண்டு இருக்கும். அந்த மரத்தைத் தூளாக்கும் கருவியை மாட்டத்தான் அந்த மரை. அது பிற்காலத்து ராணுவ வேலை. பின்னால் எவரோ செய்த கோளாறு இல்லை.

பழைய அலகு முத்திரைகளும் உண்டு. பின்தகட்டிலோ முந்தைய வகைத் தகட்டிலோ படைப்பிரிவின் எழுத்தும் எண்ணும் இருக்கும். ‘ஐ’ காலாட்படை, ‘கே’ குதிரைப்படை, ‘ஏ’ பீரங்கி. ‘ஐ 19’ என்றால் வடகோடியில் போடன் நகரிலிருந்த நார்பாட்டன் படைப்பிரிவு. ரஷ்யா வந்தால் தடுக்க என்று மலைகளைக் குடைந்து கோட்டை கட்டிய ஊர் அது. ரஷ்யா வரவில்லை. அந்தக் கோட்டையில் பனிக்காலங்களில் காவல் நின்றவர்கள் தோளில் தொங்கிய துப்பாக்கிகளில் ஒன்று இன்று மினசோட்டாவில் ஒருவர் வீட்டில் இருக்கலாம்.

சுவீடன் 1814-க்குப் பிறகு போரில் இறங்கவில்லை. இரண்டு உலகப் போர்களிலும் ஆட்களைத் திரட்டி எல்லையில் நிறுத்தியது, சுடவில்லை. இந்தத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை காகித இலக்குகளை மட்டுமே துளைத்தவை. விலக்கு பின்லாந்து. 1939-இல் சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தபோது ஆயிரக்கணக்கான சுவீடிஷ் தொண்டர்கள் அங்கே போனார்கள், கூடவே நிறைய எம்/96-களும் பின்லாந்துக்குப் போயின. அவற்றில் சிலவற்றில் பின்லாந்து ராணுவத்தின் முத்திரையான ‘எஸ்ஏ’ சதுரத்துக்குள் பொறித்திருக்கும். அந்த முத்திரை உள்ள துப்பாக்கிக்கு விலை கூடுதல். நியாயமான கூடுதல் என்றுதான் நினைக்கிறேன், ஏனெனில் அதற்குத்தான் போர் தெரியும். ஆனால் எனக்கு மற்றவை மேல்தான் பிரியம். ஒரு நாடு நூறாண்டு ஆயுதத்தைத் துடைத்து, அளந்து, எழுதி, தயாராகவே வைத்திருந்து, கடைசிவரை பயன்படுத்தாமலே விற்றது. அதில் எனக்குப் பெரிய மரியாதை இருக்கிறது.

எப்படி இவை அமெரிக்கா வந்தன? 1950-களிலும் 60-களிலும் ஐரோப்பிய ராணுவங்கள் பழைய துப்பாக்கிகளைக் கழித்துக் கட்டியபோது கப்பல் கப்பலாக இறங்கின. 1968-இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளிநாட்டு ராணுவ உபரியை இறக்குமதி செய்வதை நிறுத்தியது. 1980-களின் நடுவில் பழம்பொருள் வகைக்கு மட்டும் கதவு திறந்தது. 90-களில் எம்/96 நூறு டாலருக்கும் கீழே கிடைத்தது என்று மூத்த சேகரிப்பாளர்கள் சொல்லும்போது எல்லோரும் பெருமூச்சு விடுவோம். இன்று எண்கள் ஒத்த, குழல் நல்ல எம்/96-க்கு அதைப் போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும். இறக்குமதியாளர் பெயரும் ஊரும் குழலிலோ ரிசீவரிலோ பொறித்திருக்க வேண்டும் என்பது சட்டம். சிலர் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் சின்னதாகப் பொறித்தார்கள், சிலர் பக்கவாட்டில் பெரிதாக. அந்தக் குறி இல்லாதது பெரும்பாலும் 1968-க்கு முன் வந்தது. சேகரிப்பாளர்கள் அதைத் தேடுவார்கள்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. கூட்டரசு தரும் பழம்பொருள் சேகரிப்பாளர் உரிமம் ஒன்று இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு 30 டாலர். ஐம்பது ஆண்டு கடந்த, மூல வடிவிலேயே இருக்கும் துப்பாக்கிகளை வேறு மாநிலத்திலிருந்தும் நேராக வீட்டுக்கு வரவழைக்கலாம். பதிலுக்கு வாங்கியதையும் விற்றதையும் ஒரு கட்டுப்புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். 1898 முடிவதற்குள் செய்தவை கூட்டரசுச் சட்டப்படி பழம்பொருளே, உரிமம்கூடத் தேவையில்லை. ஜெர்மனியில் செய்த எம்/94 கார்பைன்களும், எஸ்கில்ஸ்தூனாவின் மிக ஆரம்ப கால ரிசீவர்களும் அந்தக் கோட்டுக்கு உள்ளே வருகின்றன. 1899, 1900 என்று தேதியிட்ட ஓபர்ன்டார்ஃப் எம்/96 வராது. ஒரே ஒரு ஆண்டு எண்ணால் விலையும் நடைமுறையும் மாறிவிடும். மாநிலச் சட்டங்கள் தனி. அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கிக்கு முன்னால் நல்ல இரும்புப் பெட்டி ஒன்று வாங்குங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

எனக்குக் கோபம் வரும் விஷயம் ஒன்று உண்டு. மலிவாகக் கிடைத்த காலத்தில் ஆயிரக்கணக்கான எம்/96-களை வேட்டைத் துப்பாக்கியாக மாற்றினார்கள். குழலை அறுத்து, முன்மரத்தை வெட்டி, பார்வைக்குறியைக் கழற்றி, ரிசீவரில் துளை போட்டு ஸ்கோப் மாட்டினார்கள். மலிவான பொருளை அன்றைய தேவைக்கு மாற்றிக்கொண்டது புரிகிறது. இன்றைக்கும் அதைச் செய்கிறவர்களைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மானுக்கு வேண்டுமானால் அதே 6.5×55-இல் புதுத் துப்பாக்கி கடையில் இருக்கிறது. இன்னொரு கூட்டம் அன்பாலேயே கெடுக்கிறது. மரத்தை உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் அடிக்கிறார்கள், ரிசீவரைப் புது நீலத்தில் முக்குகிறார்கள், பித்தளைத் தகட்டைப் பொன் போலத் துலக்குகிறார்கள். மரத்தைத் தேய்த்தால் முதலில் போவது ஆய்வாளர்களின் சின்னக் கிரீட முத்திரைகள். அவை போனபிறகு அந்தத் துப்பாக்கி தன்னைப் பற்றிச் சொல்லக்கூடியது பாதிதான். வால்நட், பீச், எல்ம் என்று காலத்துக்கேற்ப மரம் மாறியிருக்கிறது. அழுக்கை மெல்லத் துடைத்து லின்சீட் எண்ணெய் ஒரு துளி விட்டால் போதும். பழைய தோட்டாக்களின் உப்பு குழலை அரிக்கும், ஆகவே பழையது சுட்டால் அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி உலர்த்தி எண்ணெயிட வேண்டும். இதைத் தாண்டி எதுவும் செய்யத் தேவையில்லை.

மூன்று வகையைத் தாண்டிப் போனால் காட்டுப்பாதை தொடங்கும். எம்/41 என்ற தொலைநோக்கித் துப்பாக்கியில் நல்ல சுடுதிறன் காட்டிய எம்/96-களுக்கு ஜெர்மன் ஆயாக் ஸ்கோப் மாட்டினார்கள்; விலை எட்டாத உயரம், போலிகளும் உண்டு. ஸ்கோப்பும் துப்பாக்கியும் ஒன்றோடொன்று எண் பொருந்துகின்றனவா என்று தெரிந்தவரைக் கூட வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். எம்/40 என்று ஒன்று: ஜெர்மனியில் வாங்கிய மவுசர்களை, இயந்திரத் துப்பாக்கிக்காரர்கள் தங்கள் தோட்டாவையே போட்டுச் சுடட்டும் என்று 8×63-க்கு மாற்றியது. மேகசினில் நான்குதான் கொள்ளும், வாயில் உதை தணிக்கும் கருவி இல்லாமல் சமாளிக்க முடியாது. அப்புறம் லியுங்மன், ஏஜி எம்/42. எரிக் எக்லுண்ட் வடிவமைத்த அரைத் தானியங்கித் துப்பாக்கி. வாயு குழாய் வழியாக நேராகப் போல்ட் சட்டத்தில் வந்து மோதும். ஏறத்தாழ 30,000 செய்து, 1950-களில் திருத்தினார்கள். எகிப்து அதன் கருவிகளை வாங்கித் தன் ஹக்கிமைச் செய்தது. அருமையான பொறியியல், ஆனால் அதை ஏற்றும் முறை தெரியாமல் தொட்டால் கட்டைவிரலை நசுக்கிவிடும். தொடங்குகிறவருக்கு உகந்ததல்ல.

தொடங்குகிறவருக்கு எம்/96-தான். 1905-லிருந்து 1915 வரை எஸ்கில்ஸ்தூனா தேதியிட்டவை எண்ணிக்கையில் நிறைய, ஆகவே பொறுமையாக ஒப்பிட்டு வாங்கலாம். போல்ட் எண் ஒத்திருக்கட்டும். துடைகம்பி இல்லாவிட்டால் தனியாகக் கிடைக்கும், அதற்காக விலையைக் குறைத்துக் கேளுங்கள். பார்வைக்குறியின் மிகக் குறைந்த தூரமே 300 மீட்டர். 100 மீட்டரில் சுட்டால் மேலே போய் அடிக்கும், துப்பாக்கி கெட்டுவிட்டது என்று நினைத்து முன்குறியை அரத்தால் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்தால் இன்னும் மேலேதான் போகும். உயரமான முன்குறி மலிவாகக் கிடைக்கிறது. மூலக்குறியை உறையில் போட்டு எண்ணெழுதிப் பெட்டியிலேயே வையுங்கள்; விற்கும் நாளில் வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.